அக்டோபர் 10 கப்பல், நடுவில் மில்டன் புயல்: டிக்கெட்டை என்ன செய்வது?

7 அக்டோபர் 2024, இரவு 9.40 (கேள்வி, ராமநாதபுரத்திலிருந்து)

அப்பாவும் அம்மாவும் ஆகஸ்டில் அக்கா வீட்டுக்கு அமெரிக்கா போனார்கள். அக்கா இருப்பது ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவில். 10ஆம் தேதி பக்கத்துத் துறைமுகமான போர்ட் கனாவெரலிலிருந்து பகாமாஸ் போகும் சொகுசுக் கப்பலில் நான்கு இரவுக்கு ஆசையாக டிக்கெட் போட்டிருக்கிறாள். இப்போது மில்டன் என்று ஒரு புயல் நேராக ஃபுளோரிடாவுக்கு வருகிறதாம். கப்பல் கம்பெனி இன்னும் வாயே திறக்கவில்லை. அப்பா தனுஷ்கோடியை அழித்த 1964 புயலை ராமேஸ்வரத்தில் சின்னப் பையனாக இருந்து பார்த்தவர். "புயல் நேரத்தில் கடலில் கால் வைக்கிறவன் புத்தி கெட்டவன், டிக்கெட்டைக் கிழித்துப் போடு" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இப்போதே ரத்து செய்தால் பணம் திரும்புமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

7 அக்டோபர், இரவு 10.25 (பதில், தங்கச்சிமடத்திலிருந்து)

கிழிக்க வேண்டாம். ரத்தும் செய்ய வேண்டாம். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நீங்களாக ரத்து செய்தால் பொதுவாக டிக்கெட் பணத்தில் ஒரு காசு தேறாது. கம்பெனி ரத்து செய்தால் கட்டிய பணம் முழுதும் திரும்பும். இப்போதைக்கு அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

நான் தங்கச்சிமடம். ஒன்பது வருஷம் அந்தப் பக்கத்துக் கப்பல்களில் சமையல்கட்டில் நின்றவன். 2019-ல் போதும் என்று இறங்கி, ஊரில் சின்னதாக ஹோட்டல் வைத்திருக்கிறேன். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம், செப்டம்பர் 10ஐ ஒட்டி உச்சம். ஒவ்வொரு வருஷமும் இரண்டு தடவையாவது நீங்கள் கேட்ட இதே கேள்வியைப் பயணிகள் கேட்டு நான் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தை மூடுவதும் திறப்பதும் அவர்கள் கையில் இல்லை, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கையில் இருக்கிறது. பலத்த காற்று வர 72 மணி நேரம் இருந்தால் துறைமுகத்துக்கு 'விஸ்கி' நிலை. 48 என்றால் 'எக்ஸ்ரே', 24 என்றால் 'யாங்கி', 12 மணி நேரத்துக்குள் என்றால் 'ஸூலு'. ஸூலு வந்தால் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். நம் பாம்பனில் கூண்டு ஏற்றுகிற மாதிரிதான், எண்ணுக்குப் பதில் அங்கே எழுத்து. துறைமுகத்துக்கு விஸ்கி வந்துவிட்டது என்று முதல் தடவை கேட்டபோது எங்கள் ஆள் ஒருவன் டம்ளரோடு வந்து நின்றான். மேல்தட்டு நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டும் வேலைதான் அவனுக்குக் கிடைத்தது.

8 அக்டோபர், காலை 6.30

ராத்திரி எழுதியதில் ஒரு திருத்தம். தூக்கத்தில் எழுதினால் இப்படித்தான்.

"முழுப் பணம்" என்றால் கப்பலுக்குக் கட்டியது மட்டும். விமானம், ஹோட்டல், கார் நிறுத்தக் கட்டியது எதுவும் கம்பெனி கணக்கில் வராது. அக்கா வீடு துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் உங்களுக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை.

அதைவிட முக்கியம்: கப்பல் கிளம்பிவிட்டது, ஆனால் பகாமாஸ் தலைநகர் நசாவுக்குப் பதில் வேறு எங்கோ போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது டிக்கெட் பணம் திரும்பாது. போகாத துறைமுகத்துக்கு வாங்கிய கட்டணத்தை மட்டும், அதுவும் பெரும்பாலும் கப்பலுக்குள்ளேயே செலவழிக்கும்படி, உங்கள் கணக்கில் ஏற்றுவார்கள். பயண ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: எந்த நேரத்திலும் பாதையை மாற்றலாம், எந்த ஊரையும் விடலாம், அதற்கு நஷ்ட ஈடு கிடையாது. சனங்கள் பகாமாஸுக்கு டிக்கெட் வாங்கியதாக நினைக்கிறார்கள். வாங்கியது கப்பலுக்கு. அது எங்கே போகிறதோ அங்கே போய்க்கொள்ள வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் போட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். இனிமேல் போட்டுப் பயன் இல்லை. புயலுக்குப் பேர் வைத்த பிறகு எடுத்த பாலிசியில் அந்தப் புயல் சேராது. மில்டனுக்கு 5ஆம் தேதியே பேர் சூட்டியாகிவிட்டது.

8 அக்டோபர், மதியம் 1.10

கடையில் கூட்டம் குறைந்திருக்கிறது. அப்பா சொன்னதற்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

அவர் சொல்வது நம் கடலுக்கு நியாயம். வானிலை அறிவிப்பு வந்தால் மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது, விசைப்படகெல்லாம் கரைக்கு வந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். படகு உள்ளே வரும், கப்பல் வெளியே போகும். வித்தியாசம் அவ்வளவுதான். பெரிய கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டால் அது ஜெட்டியோடு (கப்பல் அணையும் மேடை) மோதி மோதித் தன்னையும் உடைத்துக்கொள்ளும், ஜெட்டியையும் உடைக்கும். சொகுசுக் கப்பல் வேறு பத்துப் பன்னிரண்டு மாடிச் சுவர் மாதிரி, காற்று அப்படியே பிடித்துக்கொள்ளும். சென்னைத் துறைமுகத்திலும் புயல் வருகிறதென்றால் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கடலில் இருக்கும் கப்பலுக்குக் கால் உண்டு. 20, 22 நாட், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 40 கி.மீ. ஓடும். புயல் பெரும்பாலும் 15இலிருந்து 25 கி.மீ. வேகத்தில்தான் நகரும். உள்ளே சுற்றுகிற காற்று 200க்கு மேல் அடிக்கலாம், ஆனால் புயலே நடக்கிற நடை மெதுவானது. கேப்டன் மூன்று நாள் முன்னாலேயே வளைந்து போய்விடுவார். வடக்கு அரைக்கோளத்தில் புயல் போகும் திசைக்கு வலது பக்கம்தான் மோசம். நம் பக்கம் மேற்கே போகிற புயலுக்கு வடக்குப் பக்கம். இது பாம்பனில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் கணக்குப் போடாமல் சொல்லுவார்.

அதனால் கப்பல் முழுகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தேதிக்கு.

8 அக்டோபர், இரவு 11.00

தேதி என்று எழுதியதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 ஆகஸ்ட். டெக்சாஸில் கால்வெஸ்டனிலிருந்து ஓடும் கப்பலில் இருந்தேன். 26ஆம் தேதி காலையில் கால்வெஸ்டன் சேர்ந்து, அன்று சாயந்தரம் ஹூஸ்டனில் விமானம் ஏறி நான் ஊருக்கு வர வேண்டும். காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. பெட்டி கட்டி, வீட்டுக்கு வாங்கிய சாக்லேட்டைத் துணிக்கு நடுவில் வைத்துக் கேபினில் நிறுத்தியிருந்தேன். 25ஆம் தேதி இரவு ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரையைக் கடந்தது. கடந்து போய்விட்டால் பரவாயில்லை. அது போகவில்லை. டெக்சாஸ் மேலேயே உட்கார்ந்து நாள் கணக்காகக் கொட்டியது. நெடர்லாண்ட் என்ற ஊரில் மொத்தம் 150 செ.மீ.க்கு மேல் மழை. கால்வெஸ்டன் மூடப்பட்டது. நாங்கள் மட்டும் இல்லை, நாலைந்து கப்பல்கள், கிட்டத்தட்ட 20,000 பயணிகள் மெக்சிகோ வளைகுடாவில் நின்றார்கள்.

முதல் நாள் ஒரே கொண்டாட்டம். ஓசியில் இன்னொரு நாள் விடுமுறை, பாட்டும் ஆட்டமும். இரண்டாம் நாள் வரவேற்பு மேசையில் வரிசை நீண்டது. மூன்றாம் நாள் அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஏழு நாளைக்கு மாத்திரை எண்ணி வந்த வயசானவர்கள், கைக்குழந்தைக்கு டயபர் தீர்ந்துபோன தாய்மார், திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகும் ஆட்கள். அவர்கள் கார்கள் ஊரில் தண்ணீருக்குள். சிலர் வீடும் தண்ணீருக்குள் என்று டிவியில் தங்கள் தெருவையே பார்த்தார்கள். சாப்பாட்டு ஹாலில் ஒரு அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை எடுக்கப் போனவன், எடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

சமையல்கட்டில் எங்களுக்கு வேறு கதை. முதலில் தீர்ந்தது ஸ்ட்ராபெரியும் கீரையும். அப்புறம் வாழைப்பழம். அரிசி, மாவு, உறையவைத்த இறைச்சி எல்லாம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும், அதில் பயமில்லை. ஆனால் மெனுவைத் தினம் மாற்றி எழுத வேண்டும். நாலாம் நாள் தலைமைச் சமையல்காரர் எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்து, நாங்கள் எங்களுக்காக வைத்திருந்த பருப்பைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தார். அன்று இரவு அது பயணிகளுக்கு மேலே கொஞ்சம் கிரீம் ஊற்றி சூப்பாகப் போனது. ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை கேட்டார்களாம்.

நடுவில் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சாமான் ஏற்றினோம். விருப்பப்பட்ட பயணிகள் அங்கே இறங்கி அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் இறங்க முடியாது. எனக்குப் பதில் வர வேண்டியவன் ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தான். கால்வெஸ்டன் சேர்ந்தபோது மாதமே மாறிவிட்டது. வீட்டில் அம்மா டிவியில் 'கப்பல்கள் தவிப்பு' என்று பார்த்துவிட்டு, ஓரியூர் அருளானந்தருக்கு நேர்ந்துகொண்டு, அக்கம்பக்கம் எல்லோரையும் ஜெபம் சொல்ல வைத்திருந்தார். நான் வந்து நின்றதும் முதல் கேள்வி, "எலே, ஏன் இவ்வளவு குண்டாகிவிட்டாய்?"

9 அக்டோபர், காலை 8.15

மேலே எழுதியதற்கு ஒருவர் தனியாகக் கேட்டார்: அந்தக் கூடுதல் நாட்களுக்குப் பயணிகளிடம் பணம் வாங்கினார்களா? சாப்பாட்டுக்கும் அறைக்கும் இல்லை. ஆனால் எங்கள் கப்பலில் மது பாரின் கல்லாப் பெட்டி அந்த வாரம் மாதிரி எப்போதும் நிறைந்ததில்லை.

9 அக்டோபர், இரவு 9.30

ஆர்லாண்டோ விமான நிலையம் இன்று காலையிலிருந்து மூடல். முதல் கேள்வி கேட்ட ராமநாதபுரத்துக்காரர் தகவல் போட்டிருக்கிறார்: கப்பல் ரத்து இல்லை, 10ஆம் தேதிக்குப் பதில் துறைமுகம் திறந்ததும் கிளம்பும், 11 ஆகலாம். நான்கு இரவு மூன்றாகிறது. ஒரு இரவுக் காசு திருப்பித் தருவார்களாம். வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்களாம். பார்த்தீர்களா, 7ஆம் தேதியே கிழித்திருந்தால்?

அக்கா கேட்கிறாராம், போகலாமா என்று. போங்க. ஆனால் கைப்பையில் இவை இருக்கட்டும்: இரண்டு பேருடைய மருந்தும் ஐந்து நாளைக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்று உடை. விசா பலமுறை நுழைகிற வகைதானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பகாமாஸ் போய்த் திரும்பினாலும் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு. ஊருக்குத் திரும்பும் விமானம் கப்பல் இறங்கும் நாளில் இல்லையே?

11 அக்டோபர், இரவு 10.00

மில்டன் 9ஆம் தேதி ராத்திரி அவர்கள் நேரத்துக்கு சீஸ்டா கீ பக்கம் கரையேறி, ஃபுளோரிடாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அட்லாண்டிக்கில் இறங்கிவிட்டது. அக்கா வீட்டில் கரண்ட் போய் வந்ததோடு சரி. அப்பாவும் அம்மாவும் கப்பல் ஏறியாகிவிட்டது. அப்பா ஏறும்போதே "உயிர்காப்பு உடுப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாராம். நல்ல பயணி.

11 அக்டோபர், இரவு 10.20

சொல்ல மறந்தது. புயல் போனாலும் அலை போகாது. நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளிக்கூட நீளமான அலையாக வந்துகொண்டே இருக்கும். முதல் இரவு ஆடும். படிக்கட்டுக் கைப்பிடிகளில் காகிதப் பைகளைச் செருக ஆரம்பித்தால் அம்மாவிடம் சொல்லுங்கள்: வயிற்றைக் காலியாக விடக்கூடாது, பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். நாங்கள் அந்த மாதிரி இரவுகளில் மேசை விரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடுவோம். தட்டு வழுக்காது. கண்ணாடி டம்ளர் அடுக்குகளை பிளாஸ்டிக் சுற்றிக் கட்டுவோம். அப்படியும் நடுராத்திரியில் எங்கோ ஒரு அலமாரி திறந்துகொண்டு கரண்டிகள் கொட்டுகிற சத்தம் கேட்கும். எந்தக் கப்பலிலும் அந்த ஒரு அலமாரி இருக்கும்.

13 அக்டோபர், காலை 7.00

"முழுகாது என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று தொண்டிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பிடித்தது சரிதான். 8ஆம் தேதி மதியம் எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன்.

1998 அக்டோபரில் மிட்ச் புயல். ஃபாண்டோம் என்று நாலு பாய்மரம் உள்ள பயணிகள் கப்பல் ஹோண்டுராஸ் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. புயல் வருகிறது என்று பெலிஸ் சிட்டிக்குப் போய்ப் பயணிகள் எல்லோரையும் கரையில் இறக்கிவிட்டார்கள். அப்புறம் கப்பலைக் காப்பாற்ற மறுபடி கடலுக்குப் போனார்கள். வடமேற்கே போகும் என்று எதிர்பார்த்த புயல் ஹோண்டுராஸை ஒட்டி நின்று தெற்கே திரும்பியது. ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் போய்விட்டது. கப்பலில் இருந்த 31 ஊழியர்களும் போனார்கள். பயணிகளில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

எங்கள் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித் தரவில்லை. ஹோண்டுராஸ்காரக் கூட்டாளி ஒருவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னான். அவன் ஊர்க்காரர்கள் அந்தக் கப்பலில் இருந்தார்களாம்.

நம் பக்கமும் உண்டு. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த பிரதீபா காவேரி எண்ணெய்க் கப்பல் இழுபட்டு வந்து பெசன்ட் நகர் கரையில் தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் செத்தார்கள். கப்பல் முழுகவே இல்லை.

ஆக, இப்படித் திருத்திக்கொள்கிறேன்: வேகமும் எரிபொருளும் சரியான வானிலைக் கணிப்பும் இருக்கிற பெரிய கப்பல் விலகி ஓடிவிடும். இந்த மூன்றில் ஒன்று போனாலும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

16 அக்டோபர், மாலை 5.45

கப்பலிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நசாவில் ஒரு பகல் மட்டும் இறங்கினார்களாம், இன்னொரு தீவு கிடையாது. முதல் இரவு அப்பா உயிர்காப்பு உடுப்பைக் கட்டில் மேலேயே வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். இரண்டாம் இரவு இரண்டு தட்டு இறால். அம்மாவுக்குத் தலை சுற்றல் எதுவும் இல்லை, சுற்றியதெல்லாம் பக்கத்து அறை வெள்ளைக்காரருக்குத்தான். போகாத தீவுக்காக வந்த துறைமுகக் கட்டணத்தில் அம்மா ஒரு குடை வாங்கினாராம். கப்பல் படம் போட்டது.

பகாமாஸ் போய்க் குடை வாங்கிய முதல் ராமநாதபுரத்துக்காரர்.

21 நவம்பர், இரவு 8.30

அந்தக் குடை இங்கே இருந்திருக்க வேண்டும். நேற்று ராமேஸ்வரத்தில் 41 செ.மீ. மழை. ஒரே நாளில். என் கடைக்குள் முழங்கால் தண்ணீர், அடுப்பு நனைந்து இன்றைக்கு வியாபாரம் இல்லை. அரிசி மூட்டையை மட்டும் மேசைமேல் தூக்கிவைத்துப் பிழைத்துக்கொண்டேன். பாம்பன், மண்டபம் எல்லாம் அதே கதி. இத்தனைக்கும் இது புயலே இல்லை. பேர்கூட வைக்கவில்லை. பேர் வைத்தால்தான் இன்சூரன்ஸ்காரன் கணக்கு என்று மேலே எழுதினேனே, அவன் இதை எந்தக் கணக்கில் எழுதுவானோ.

வடநாட்டிலிருந்து கோவிலுக்கு வந்த ஒரு குடும்பம், பதினோரு பேர், கடை வாசலில் நின்றார்கள். அவர்களுடைய மதுரை விமானம் போய்விட்டது. ஹார்வியில் வரவேற்பு மேசை வரிசையில் பார்த்த அதே முகங்கள். டீ போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: வானிலையால் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகஸ்டில்தான் மறுபடி ஆரம்பித்தது. போன வருஷம் இன்னும் வேடிக்கை. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கினார்கள், 20ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் கப்பலுக்குக் கொடி அசைத்தால் ஐப்பசி என்ன செய்யும் என்று வாடைக்காற்றைக் கேட்டிருக்க வேண்டும்.

1 டிசம்பர், காலை 9.00

நேற்று ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. இங்கே காற்று மட்டும்.

ஓடுகிற புயலைவிட நிற்கிற புயல்தான் ஊரையும் தேதியையும் கெடுக்கும். ஹார்வி நின்றது. 2019 செப்டம்பர் தொடக்கத்தில் டோரியன் கிராண்ட் பகாமா தீவின் மேல் ஒரு நாளுக்கு மேல் நின்று அந்தத் தீவைத் தின்றுவிட்டது. நான் இறங்கி ஊர் வந்திருந்த நேரம், வாரா வாரம் கரையில் கால் வைத்த இடங்களை டிவியில் அடையாளம் தெரியவில்லை. நமக்கு 2020 டிசம்பரில் புரெவி. திருகோணமலைக்குப் பக்கம் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கடக்கும் என்றார்கள். அது ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்று, வலுவிழந்து, மழையாகவே முடிந்தது. "வருமா வராதா" என்று ஊரே படகை இறுக்கிக் கட்டி இரண்டு நாள் முழித்திருந்தது.

வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். வராமலும் போகாமலும் இருந்தால்தான் திட்டம் போட முடியாது. கப்பல் கம்பெனிக்கும் அதே கஷ்டம்தான். 7ஆம் தேதி அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் எழுதியதில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அதே 2017இல் மரியா புயலுக்கு அப்புறம் ராயல் கரீபியன் கம்பெனியின் அட்வெஞ்சர் ஆஃப் த சீஸ் கப்பலின் ஒரு பயணத்தை ரத்து செய்துவிட்டு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் 3,800 பேர் வரை ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடா போனார்கள். அந்த வாரம் டிக்கெட் போட்டவர்களுக்கும் பயணம் கெட்டது. அதற்குக் கோபப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

23 டிசம்பர், இரவு 10.40

64 புயல் அடித்து அறுபது வருஷம். நேற்று இரவோடு.

கேட்டவர் இன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி போய்விட்டு வரும் வழியில் கடைக்கு வந்தார்கள். போன வாரம்தான் ஊர் திரும்பியிருக்கிறார் பெரியவர். அறுபத்தொன்பது வயது, நல்ல நடை. மீன் குழம்பு ஊற்றச் சொல்லி, முள்ளை ஒதுக்காமல் சாப்பிட்டார். "கப்பல் எப்படி இருந்தது, அய்யா?" என்றேன். "கப்பலா அது, திருவிழா" என்றார்.

அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். அவருடைய அத்தை கொழும்பில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இவரும் பாட்டியும் 24ஆம் தேதி போவதாக ஏற்பாடு. அப்போது எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும், போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி, அங்கே கப்பலேறித் தலைமன்னார், மறுபடி ரயிலேறிக் கொழும்பு. 1914இலிருந்து அப்படித்தான். இவர்கள் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் ஏறினால் போதும். பாட்டி கருப்பட்டியும் கருவாடும் ஒரு தகரப் பெட்டியில் கட்டி வைத்திருந்தார். 22 ராத்திரி ஓடு பறக்கிற சத்தத்தில் இவரைப் பெட்டிமேல் உட்காரவைத்து மேலே சாக்கைப் போட்டு மூடினாராம். காலையில் பாலமும் இல்லை, தண்டவாளமும் இல்லை, தனுஷ்கோடியும் இல்லை. பாம்பனிலிருந்து போன 653 பாசஞ்சர் ரயிலை அலை தூக்கிவிட்டது, அதில் மட்டும் 115 பேர் என்று கணக்கு. பாம்பன் பாலத்தில் 145 இரும்பு உத்திரத்தில் 126 போய்விட்டன. 46 நாளில் அதைத் திரும்பக் கட்டினார்கள். தனுஷ்கோடித் துறை திரும்பி வரவே இல்லை. பின்னால் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள், 80களில் இலங்கைச் சண்டையில் அதுவும் நின்றது.

"நீங்கள் அப்புறம் போனீர்களா?" என்று கேட்டேன். இல்லையாம். அத்தை ஒரு தடவை வந்துபோனதோடு சரி.

மில்டனுக்கு அவர் சொன்னதை நான் அக்டோபரில் கொஞ்சம் லேசாக எழுதிவிட்டேன். இன்று அவரிடமே சொன்னேன். "நீ சொன்னதைக் கேட்டுத்தானே தம்பி போனேன்" என்று மோரை எடுத்துக் குடித்தார்.

23 பிப்ரவரி 2025, காலை 7.20

நாகப்பட்டினம் கப்பல் நேற்று மறுபடி ஓட ஆரம்பித்தது. கேட்டவர் நேற்று ராத்திரியே போன் செய்துவிட்டார், அப்பா மார்ச்சில் காங்கேசன்துறை போக வேண்டும் என்கிறாராம், அத்தை மகன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாராம். மாசி பங்குனியில் கடல் நன்றாக இருக்கும், தாராளமாகப் போகலாம். நாலு மணி நேரம்தான். திரும்பும் நாளுக்கு அப்புறம் மூன்று நாள் கல்யாணம், கச்சேரி, டாக்டர் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை ஐந்து நாளைக்குக் கூடுதலாக. அந்தக் கப்பல் படம் போட்ட குடையையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.